மஞ்சளா, பச்சையா

என் அம்மா கலாவதி, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மோர்டனுக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் பதினேழு வருடம் ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்தவர். பக்கவாதம் வந்து அப்பாவால் விழுங்க முடியாமல் போனதும் வேலையை விட்டார். அப்பாவின் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். பால் போன்ற உணவை அதில்தான் விட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதற்கு முன், குழாயிலிருந்து கொஞ்சம் நீரை இழுத்து அமிலம் பார்க்கும் காகித ஸ்டிரிப் ஒன்றின் நுனியில் சொட்ட வேண்டும். இரைப்பை நீர் அமிலம், நுனி மஞ்சளாகும். பச்சையானால் குழாய் நகர்ந்து நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அப்போது பால் விட்டால் உயிருக்கே ஆபத்து. நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் வேதியியலில். வேலை இன்னும் கிடைக்கவில்லை. கேட்காத காரணங்களையும் சேர்த்து விளக்கினேன்.

"காரணம் உன்னோட இருக்கட்டும் பிள்ளை. எந்த நிறத்துக்கு விடுறது, எதுக்கு விடக்கூடாது, அதை மட்டும் சொல்லு."

நான்கு மாதம் மஞ்சள்தான் வந்தது. அம்மா ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பால் பையைத் தொங்கவிடுவார்.

மார்ச்சில் ஒரு காலை அப்பா கடுமையாக இருமினார். பிறகு பார்த்தால் ஸ்டிரிப் பச்சை. ஒரு மணித்தியாலம் பொறுத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அம்மா மீனுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டினார். திரும்பி வந்தவர் கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு, பதற்றத்தில் ஸ்டிரிப்பை நிறம் மாறும் நுனியிலேயே பிடித்து எடுத்தார். நீர் பட்டதும் மஞ்சளாகத் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"சரியாயிட்டுது அம்மா, விடுங்கோ."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம். நான் படிச்சதே இதைத்தானே."

"இஞ்சேருங்கோ, இந்தா சாப்பாடு வருது," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவப் போனார் அம்மா.

"பிள்ளை, ஓடி வா!"

அவர் விரல்களில் சோப்பு நுரை சிவந்திருந்தது. கறி கொட்டிய விரிப்பில் சோப்புப் பட்டால் இப்படித்தான் சிவக்கும் என்று அவருக்குத் தெரியும். மஞ்சள்தூள் அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. முதலாம் ஆண்டில் அதை எழுதி நான் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.

"அது என்ர கை மஞ்சள். கொப்பற்ற வயித்தில இருந்து வந்ததில்லை."

கழுவிய கையால் இன்னொரு ஸ்டிரிப்பை வால்பக்கமாகப் பிடித்து எடுத்தார். பச்சை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். எக்ஸ்ரேயில் குழாயின் நுனி நுரையீரலில் நின்றது.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் இது மூன்றாவது வாரம். குழாயை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் வைத்துக் குழாயில் பால் விடுவது ஆபத்து, அப்பா வீட்டுக்கு வருவது சந்தேகம் என்கிறார்கள். அம்மா என்னை ஏசவில்லை. ஒருநாள் பஸ்ஸில் மட்டும் கேட்டார்.

"அண்டைக்கு ஓரத்தில பச்சை தெரிஞ்சதோ?"

"ஓம்."

சமையலறையில் இப்போது மஞ்சள் போத்தல் இல்லை. அப்பா வருவார் என்று நினைத்து, அம்மா மீனை வெறும் உப்பில் பிரட்டுகிறார்.