புளி போட்டுத் துலக்கிய போர் விமானம்

"கிர்ர்ர்" என்று அடுத்த வீட்டு மஞ்சுளாவின் கையில் ஓடிய அந்தக் காற்றாடிச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், அவளுடைய பொம்மை விமானத்தின் மூக்கில் இருந்த மூன்று இதழ்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி சுழன்று, பிறகு மெல்ல மெல்ல அடங்கும். அதே விமானம் அதே நாளில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சின்ன வயதில் அதை நான் ஒரு தடவைகூடச் சுண்டியதில்லை.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே டை காஸ்டிங் கம்பெனியில்தான் வேலை. உருக்கிய உலோகத்தை அச்சில் அடித்து, பூட்டு, கைப்பிடி, வண்டிப் பாகம் என்று எது கேட்டாலும் வார்த்துக் கொடுக்கிற இடம் அது. இடையில் இரண்டு வருடம், வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடி அலமாரியில் சேர்த்துவைக்கிற பொம்மைப் போர் விமானங்களையும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானம். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, உடம்பெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய்ப் பெயிண்ட், இறக்கை மேல் நீலமும் சிவப்புமாக வட்டங்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் அப்பா அங்கே "செக்கிங்". பெயிண்டில் ஊசி முனையளவு குழி இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று தள்ளிவிடுவார், தள்ளியதை நசுக்கி மறுபடி உருக்கப் போட்டுவிடுவார்கள். நசுக்குவதில் ஒன்றே ஒன்றை எடுத்து வரச் சொல்லி நான் அடம்பிடிக்காத நாளில்லை.

"ரிஜெக்ட் பீஸ் கேட்டைத் தாண்டுச்சுன்னா எம் பேரு என்னாகும் பாப்பா?" என்பார். அவர் அப்போது காண்ட்ராக்ட் ஆள். "பர்மனென்ட்" ஆக வேண்டும் என்று நான்கு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆயுத பூஜைக்கு, ஆர்டர் முடிந்து மிஞ்சியதோ என்னவோ, பொரிப் பொட்டலத்தோடும் ஸ்வீட் பாக்ஸோடும் ஆளுக்கொரு விமானத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்கட்டுக்கு எடுத்துப்போய் என்னவோ செய்துவிட்டு, தன் ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அங்கே இருந்தவற்றில் நிஜமாகவே ஆயுதம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அம்மா அதன் மூக்கிலும் இரண்டு இறக்கையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். சிங்காரப்பேட்டைக்காரி, பொட்டு வைக்காமல் எதையும் விடமாட்டாள்.

"இன்னிக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. நாளைக்கு எடுத்துக்க கண்ணு."

அந்த 'நாளைக்கு' தள்ளிக்கொண்டே போக, அந்த வாரத்திலேயே அப்பா பர்மனென்ட் ஆனார். என் தலையில் கல் விழுந்தது. "எல்லாம் இது வந்த வேளைதான்" என்று அம்மா விமானத்தை மேலே தூக்கி, சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் கேட்காத நாளில்லை. "உனக்கு விளையாட்டு. நாளைக்கு அப்பா வேலைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்று அவள் கேட்ட ஒரே கேள்வி என் கையைக் கட்டிப்போட்டது. அவள் கோயிலுக்குப் போன ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறியும்கூட, அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து தொடாமலே இறங்கினேன்.

மஞ்சுளாவின் வீட்டார் பாகலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். அவள் தன் விமானத்தைத் தெருவெல்லாம் பறக்கவிட்டாள், சாக்கடையில் இறக்கினாள், பத்தாம் நாள் இறக்கையை உடைத்துவிட்டு ஊரைக் கூட்டி அழுதாள். அந்த அழுகைமீதுகூட எனக்குப் பொறாமை. அழுது முடித்ததும் எங்கள் அலமாரியை எட்டிப் பார்த்து, "நிம் விமானா தேவ்ராகோய்த்து", உங்கள் விமானம் சாமியாகிவிட்டதே என்று சிரித்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வியாழக்கிழமைதோறும் குத்துவிளக்கோடும் மணியோடும் சேர்த்து அம்மா அதையும் புளி போட்டுத் துலக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலில் இறக்கை வட்டங்கள் போயின, பிறகு பச்சை, அப்புறம் பழுப்பு. "பெயிண்ட் போவுதும்மா!" என்று கத்தினால், "போனா போவுது, பளபளன்னு இருக்குதில்ல" என்பாள். கம்பெனியில் ஊசி முனைக் குழிக்கு விமானத்தையே நசுக்க அனுப்பிய மனிதர், வீட்டில் அம்மாவின் புளிக்கு முன்னால் வாயே திறக்கவில்லை.

போன மாதம் பெங்களூரில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ஸ்பிட்ஃபயரைப் பார்த்தேன். கை நீட்டினேன். "டச் பண்ணாதீங்க மேடம், கலெக்டர்ஸ் பீஸ்" என்றார் கடைக்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் என்ன செய்வார் பாவம். மறுவாரம் வியாழக்கிழமை லீவு போட்டு மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். குழாயடியில் புளியோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்கினேன்.

"எடுத்துக்க. யாரு வேண்டாங்கறது?" என்றாள், முப்பது வருடம் யாருமே கேட்காததுபோல.

முந்தானையில் துடைத்துவிட்டுச் சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன், நகம்தான் வலித்தது.

"அது சுத்தாது கண்ணு. வந்தன்னிக்கே உங்கப்பா அந்தக் காத்தாடியோட பின்ன ரெண்டு தட்டு தட்டி இறுக்கிட்டாரு. ஆட்டம் இருக்கற பீஸ சாமிகிட்ட வெக்கக்கூடாதுன்னாரு."

ஸ்டூலில் ஏறி இறங்கிய அந்த நாள் நினைவுக்கு வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. சண்டை போடலாம் என்றால் அப்பா போய் இரண்டு வருடமாகிறது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மஞ்சுளா எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியவில்லை, அந்தச் சத்தத்தைத் தன் விரலால் எழுப்பிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அம்மா ஈரக் கையை நீட்டினாள். "குடு, நாளைக்கு வெள்ளிக்கிழமை."

கொடுத்துவிட்டேன்.