மைக்கை மூடி விளையாடிய காலம்

அம்மா கனடாவில் அண்ணையிடம் போய்ச் சேர்ந்த பிறகு, பண்டத்தரிப்பு வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்தை ஒட்டிய திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாலையில் அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. அப்படித்தான் கைபேசியில் அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குள் போனேன்.

நால்வர் அணி. மற்ற மூவரும் பையன்கள். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். ஒருவன் பேசும்போது சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கூடவே கேட்கும். இன்னொருவன் நகரத்து முஸ்லிம் வீட்டுப் பையன்; பாங்கு கேட்டதும் "இந்தா வாறன்" என்று போய்விடுவான். மூன்றாமவன் கடற்கரைப் பக்கம். அவனைவிடக் காற்றுத்தான் அதிகம் கதைக்கும்.

நான் என் மைக்கைத் திறந்ததே இல்லை. எங்கே ஒளிவது, எப்போது பாய்வது என்று எழுதித்தான் சொல்வேன். அவர்களாகவே என்னை "அண்ணை" என்றார்கள். பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் என் காதில் கொட்டினார்கள். சாப்பிடும்போதுகூட ஹெட்ஃபோனைக் கழற்ற மனம் வராது.

பிறகு நகரத்தில் ஓர் அமைப்பினர் ஒரு மண்டபம் எடுத்து, பெரிய திரை கட்டி, இந்த விளையாட்டுக்குப் போட்டி வைத்தார்கள். நேரில் வந்துதான் விளையாட வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் ஃபோன் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறேன் என்றேன்.

"ஃபோனை நோண்டுறதோ? உதுவும் ஒரு விளையாட்டோ பிள்ளை?" என்றார்.

மண்டப வாசலில் மூவரும் ஒரே நிற ரீசேட் சட்டையில் நின்றார்கள்.

"ஆரைத் தேடுறியள் அக்கா?" தோட்டக்காரப் பையனின் குரல்.

"உங்களைத்தான்."

"எங்களையோ? நாங்கள் எங்கடை அண்ணையைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

"அது நான்தான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கென்று கொண்டுவந்த ரீசேட்டை அவன் தயங்கித் தயங்கி நீட்டினான். "பெரிசாயிருக்கும்" என்றான். வாங்கி, உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டேன்.

அன்றுதான் முதன்முதலாக வாய்திறந்து விளையாடினேன். "வலப்பக்கம் ரெண்டு பேர். பொறுங்கோ... இப்ப!" சொன்னபடி செய்தார்கள். இரண்டாம் இடம் கிடைத்தது. மண்டபமே எழுந்து நின்று கத்தியது. படம் எடுத்தவர் என்னை நடுவில் நிறுத்தினார். பையன்கள் இருபுறமும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

அதற்குப் பிறகு விளையாட்டில் சத்தம் குறைந்துவிட்டது. "ஓம் அக்கா", "சரி அக்கா", அவ்வளவுதான். ஒருநாள், "ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை?" என்று கேட்டேன்.

கடற்கரைப் பையன் சொன்னான்: "முந்தி எல்லாத்தையும் உங்களிட்டைச் சொல்லிப்போட்டம் அக்கா. இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு."

"நான் அதே ஆள்தானே?"

"ஓம் அக்கா."

சில வாரங்களில் அவர்கள் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கோபமில்லை, சண்டையில்லை. அழைப்பு வருவது நின்றுபோனது.

அடுத்த போட்டிக்கு வர்ணனை சொல்ல, அதை நடத்தியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து மூச்சுவிடாமல் பேசினேன். என் பழைய அணிப் பையன்கள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அதையும் நானே அறிவித்தேன். முடிந்ததும் மூவரும் வந்து, "நல்லாச் சொன்னியள் அக்கா" என்றார்கள். பிறகு புதியவனையும் கூட்டிக்கொண்டு, ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டபடி எதிர்த் தேநீர்க் கடைக்குள் போனார்கள்.

நான் பலாலி வீதி பஸ்ஸில் ஏறினேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை.