மாதேஷுக்கு ஒரு சிலையாம்

மாதேஷ் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை, மைசூர் அக்ரஹாரத்தில் அவன் வாடகை அறை வாசலில். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். ஹார்ட் அட்டாக்... முப்பத்தி நாலு வயசு.

நேற்று அவன் சொந்த ஊர் மார்டள்ளியில் எடுத்தார்கள். போயிருந்தேன். திரும்பும் வழியில் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் போனைத் திறந்தால் ஆபீஸ் மெசேஜ்.

"ட்ரிப்யூட்டாக நம்ம கேமில் மாதேஷுக்குச் சிலை வைக்கிறோம். ஊர் நடுவில். பிளேயர் தொட்டால் ஹெல்த் ஃபுல் ஆகும். அடுத்த அப்டேட்டுக்குள் மாடல் வேண்டும்."

அந்த மாடலைச் செய்ய வேண்டியது நான்.

வயிறு எரிகிறது. அதான் இங்கே வந்து கொட்டுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... மைசூரில் சின்ன கேம் கம்பெனி எங்களுடையது. வாள், மந்திரம், ட்ராகன் என்று போனில் விளையாடும் ரோல்-பிளேயிங் கேம். தீ, புகை, சிலை எல்லாம் என் வேலை. ஊர்களை அமைப்பது மாதேஷ் வேலை. எந்த வீடு எங்கே, யார் எப்போது கடை திறப்பார், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை... அத்தனையும் அவன் யோசித்து வைத்திருப்பான்.

ஒரு நாள் என் டெஸ்க்குக்கு வந்தான். "அக்கா, உங்க பொகையக் கொஞ்சம் நிறுத்தோணுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அடுப்புப் புகை கூரைக்கு மேல் வளைந்து ஏற வேண்டும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்திருந்தேன்.

"எப்பவும் இல்லீங்கக்கா. தெருவுல சாவு வுழுந்தா மட்டும். எடுக்கற வரைக்கும் அந்தத் தெருவுல யாரும் அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்கல்ல? அந்தத் தெருவுல மட்டும் பொகை வரக்கூடாது. கடையும் சாத்தியிருக்கோணும்."

செய்தோம். ட்ராகன் கொல்லனைக் கொன்றுவிட்டுப் போகும். மறுநாள் பிளேயர் உள்ளே வந்தால் எல்லாத் தெருவிலும் புகை, கொல்லன் தெருவில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு வசனம் கிடையாது. நான் செய்த வேலையை நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

டெஸ்டிங் டீம் அதை பக், அதாவது கோளாறு, என்று எழுதி அனுப்பியது. ஊரில் புகை வரவில்லையாம். "பக் இல்லை. சாவு விழுந்த தெரு" என்று பதில் போட்டான். ஆபீஸே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அப்புறம் வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட வைத்தோம். எல்லாரும் ஒரே பாட்டு. மருந்து வாங்க வந்தால் கடை ஏன் பூட்டியிருக்கு? எவனோ செத்ததுக்கு நான் ஏன் காத்திருக்கணும்? ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் கடைக் கதவை வாளால் வெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு எழுந்தே போய்விட்டான்.

மீட்டிங்கில் பாஸ் "பேடா மாதேஷ், பேடா" என்று, அதாவது வேண்டாம் என்றே, ஆரம்பித்தார். அவர் பேசியது கன்னடம், இவன் பதிலும் கன்னடம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ட்ராகன் பறக்கிற ஊர்ல ரியலிசம் எதுக்கு? பிளேயர் ஹீரோவா இருக்க வர்றான். துக்கம் விசாரிக்க வரல."

"ட்ராகன் பறக்கட்டும் சார். பறக்கும்னு நம்பித்தான் வர்றாங்க. ஆனா மனுஷன் செத்தும் பக்கத்துக் கடை தொறந்திருந்தா, அந்த ட்ராகனுக்கு யார் சார் பயப்படுவாங்க?"

சாத்திய கடை, நின்ற புகை இரண்டையும் கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பதிலாகக் கொல்லனின் மனைவி வந்து மூன்று விநாடி அழுவாள். அதற்கும் ஒரு ஸ்கிப் பட்டன். அழுது முடித்ததும் அவளே வாள் விற்பாள்.

கேம் வெளியே போனது. ரிவ்யூ வந்தது. "ஊர்களில் உயிரே இல்லை, எல்லாம் பொம்மைகள்." பாஸ் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாதேஷுக்கே அனுப்பினார். "வாட் இஸ் திஸ்?" என்று கூடவே ஒரு வரி.

கேன்டீனில் அக்கி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அதை என்னிடம் காட்டினான். "பாத்தீங்களாக்கா" என்றான். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதன் பிறகு அவன் மீட்டிங்கில் பேசி நான் பார்க்கவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அவன் செய்தி வந்த அரை மணியில் காலை மீட்டிங் வழக்கம்போல நடந்தது. பாஸ் "வெரி சாட்" என்றார். அடுத்த ஆள் தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தார்.

மதியம் கம்பெனி பேஜில் அவன் போட்டோ. "எங்கள் விஷனரி." கீழேயே டவுன்லோட் லிங்க். உயிரோடு இருந்தபோது அவன் சொன்ன ஒன்றையும் விட்டுவைக்காதவர்கள்... வெட்கமே இல்லை.

மார்டள்ளியில் அவன் அப்பா என்னிடம் கேட்டார். "அந்த வெளையாட்டுல எம் பையன் என்னம்மா செஞ்சான்?"

"ஊரெல்லாம் அவன் கட்டினதுங்கய்யா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மிச்சத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை பாஸுக்கு எழுதினேன். சிலை செய்ய மாட்டேன். வேண்டுமானால் கேமில் ஒரே ஒரு நாள் எல்லாக் கடையையும் மூடுங்கள், புகையை நிறுத்துங்கள். அந்த வேலையை நானே செய்து தருகிறேன் என்று.

உடனே பதில் வந்தது. "பிளேயர்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. பரவாயில்லை, சிலையை வேற ஆர்டிஸ்ட்கிட்ட குடுத்துட்டேன்."

ஆக, சிலை வரத்தான் போகிறது. அவன் முகத்தை யாரோ போட்டோவைப் பார்த்துச் செய்துகொண்டிருப்பார்கள், இந்நேரம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த கேம் விளையாடுகிறவராக இருந்தால் ஒரே ஒரு உதவி. ஹெல்த் குறைந்து சாகக் கிடந்தாலும் சரி... அவனைத் தொடாமல் போங்கள்.

தூங்குடா மாதேஷ்.