இரவல் எடுக்காதவர்கள்

1. சந்தைக்கு அருகிலுள்ள பொது நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினேன்.
2. நூலகத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அதை மட்டும் வைத்து நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தேன்.
3. வாசிப்பவர் குறைவு என்று பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார்கள்.

பத்திரிகை பார்க்க வருபவர்கள் பதிவேட்டில் கையெழுத்து வைப்பதில்லை. தெரிந்திருந்தும் அவர்களைச் சேர்க்காமல் விட்டேன்.

சண்டிலிப்பாயிலிருந்து சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் அம்மா ஒருவர் தினமும் வந்து மரண அறிவித்தல்களை மட்டும் வாசிப்பார். பிரான்சுக்குப் போன அவரது தம்பியிடமிருந்து பல வருடங்களாக ஒரு தகவலும் இல்லை. வெளிநாட்டில் இறந்தாலும் ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள்.

"இண்டைக்கும் அவன்ரை பேர் இல்லை. நல்ல லைப்ரரி, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பத்திரிகை நின்ற அன்று வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஃபோனிலை பாத்துச் சொல்லுறன், அம்மா."

"வேண்டாம் பிள்ளை. அதை ஆரும் சொல்லி நான் கேக்கேலாது. நானே பாக்கவேணும்."

அறிக்கையைத் திருத்தி மீண்டும் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அந்த அம்மா இப்போது சந்தை முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடுகிறார்.