சிற்றருவியில் எடுத்த படம்

பெரிய அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை வந்துவிட்டது. மாலை போடப் படம்தான் இல்லை. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. படங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. தாத்தா இருக்கிறார், அப்பாவின் கல்யாணம் இருக்கிறது, கடைக்கு முதன்முதலாக வாங்கிய சைக்கிள்கூடக் கழுத்தில் மாலையோடு ஒரு சட்டத்துக்குள் நிற்கிறது. பெரிய அத்தை எதிலும் இல்லை.

அப்பாவின் மூத்த தங்கை அவள். பத்தொன்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். போட்டோ எடுப்பவர் வந்து முக்காலியை ஊன்றியதுமே, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விடுவாள். அவளைப் போகச் சொன்னவர்கள் யாருமில்லை. நில் என்று சொன்னவர்களும் இல்லை.

"எப்படிம்மா ஒத்தப் படம்கூட இல்லாமப் போச்சு?" என்று அப்பா என்னிடம் கேட்டார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே மறந்துபோயிருந்தது அவருக்கு. எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்ன அத்தைக்கும் மறந்திருக்காது. அவள் தலையைத் தூக்கவில்லை. நான் மாலையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா ஊருக்கு வந்தபோது ஒரு சினிமாக் கேமராவைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சின்ன அத்தைதான் சாவியை வாங்கி அதை வெளியே எடுத்தாள். பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தவள். கேமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தாள். கடிகாரத்தைப் போல அதற்குச் சாவி கொடுத்தால் கிர்ரென்று ஓடும். ஃபிலிம் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. பாதி ஓடியதும் நிழலில் வைத்துப் புரட்டிப் போட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தமே நாலு நிமிஷம். பிறகு அதைக் கழுவ பம்பாய்க்கு அனுப்ப வேண்டும்.

"மெட்ராஸ்ல படம் எடுக்கச் சொல்லிக்குடுக்க ஒரு எடம் இருக்காம்" என்று ஒருநாள் என்னிடமும் பெரிய அத்தையிடமும் சொன்னாள். "இந்தச் சுருளையும் சேத்துத்தான் மனுப் போடப் போறேன். பொம்பளைன்னு திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். பாத்துட்டாவது அனுப்புவான்லா."

எனக்குக் காதில் விழுந்தது படம் என்ற ஒரு சொல் மட்டுந்தான். மறுநாளே பள்ளிக்கூடத்தில் நான் சினிமாவில் வரப்போகும் செய்தியைப் பரப்பிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாரம் போட்டி. ஒருத்தி தினமும் மாங்காய்ப் பத்தை கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தைமார் இருவரும் நானும் வில்வண்டியில் போனோம். குளிக்கப் போகிற இடத்துக்கு நான் பச்சைப் பட்டுப் பாவாடை, இரட்டைச் சடை, இரண்டு ரிப்பன், முகத்தில் அரை டப்பா பவுடர் என்று கிளம்பியிருந்தேன். பேரருவியில் கூட்டம் நெரிந்ததால் படியேறிச் சிற்றருவிக்குப் போனோம். அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. நான் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பாவாடை நனைந்தால் படம் கெட்டுவிடும் அல்லவா? பாறைமேல் ஏறி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

சின்ன அத்தை என்னைத் தாண்டி அருவியைப் பார்த்தாள். "ஏட்டி, செத்த தள்ளி நில்லு. மறைக்கே" என்றாள்.

பிறகு, "எக்கா, ஒன்னைய எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

பெரிய அத்தை தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். "என்னையவா? கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? பிள்ளையப் பாரு, என்னமா உடுத்திட்டு நிக்கா. அவள எடு."

"அவளுக்கென்ன, நாளைக்கும் எடுக்கலாம். நீ சொல்லு."

பெரிய அத்தை குனிந்து கையால் தண்ணீரை அளைந்தாள். பிறகு மெல்ல, "என் மூஞ்சி தெரியுமாட்டி?" என்று கேட்டாள்.

"தெரியும்க்கா."

"அப்பம் எடு" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போனாள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் கத்தினாள். அருவியில் யார்தான் கத்தமாட்டார்கள்? ஆனால் பெரிய அத்தை கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தினவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரையேறியும் சிரிப்பு நிற்கவில்லை. கையைத் தட்டினாள், சுற்றினாள், எங்கள் பக்கம் தண்ணீரை வாரி அடித்தாள். கேமரா கிர்ரென்று ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் சின்ன அத்தை முந்தானைக்குள் வைத்துச் சுருளைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் அவளுக்கே செலவழித்தாள்.

"நான்?" என்றேன்.

"தீந்து போச்சுட்டி. அடுத்த சுருள் வாங்கி ஒன்னைய மட்டுமே எடுக்கேன், என்ன?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளச் சேலைய எவ பாப்பா?" என்று கத்தினேன். அதுவும் பெரிய அத்தை காதில் விழும்படியாகத்தான் கத்தினேன்.

சின்ன அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "சினிமாவுல வெள்ளச் சேலை வந்தா அழுவா, இல்லன்னா சாவா. எங்க அக்கா இப்படிச் சிரிக்கால்லா, இத எவன் எடுத்தான் இதுவரைக்கும்?"

அது எனக்கு எப்படிப் புரியும்? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது, தின்ற மாங்காய்க்கு என்ன பதில் என்பதுதான் என் கவலை. வண்டி தென்காசிக்குள் வந்ததும் கடை வாசலில் குதித்து உள்ளே ஓடினேன். அப்பா துணி விரித்துக்கொண்டிருந்தார். எதிரில் நாலைந்து அண்ணாச்சிமார் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, சின்னத்தை அருவியில குளிக்கிற பொம்பளையளப் படம் புடிச்சா" என்றேன்.

ஒருத்தியை எடுத்ததைப் பலராக்கியது நானேதான். அப்படிச் சொன்னால் நன்றாக உறைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயதில் அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்ததோ, இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

விரித்த துணி விரித்தபடி கிடந்தது. ஒரு அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். இன்னொருவர், "என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டுப் பொம்பளையளும் அங்கனதான் குளிக்கப் போவுதாவ" என்றார். அப்பா எழுந்து செருப்பை மாட்டினார்.

வீட்டு முற்றத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. அப்பா கேமராவைத் திறந்து ஃபிலிமை உருவினார். "அண்ணே, வெயில் பட்டா போச்சு! அக்கா மட்டுந்தாண்ணே இருக்கா, வேற ஒருத்தரும் இல்ல" என்று சின்ன அத்தை அவர் கையைப் பிடித்தாள். அக்கா என்றதும் அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அவளையா? ஊரு என்ன சொல்லும்?" என்றார். கடைசி முழம்வரை உருவித் தரையில் போட்டுவிட்டு, கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

சின்ன அத்தை அந்த மனுவைப் போடவேயில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பாவிடம் யார் சொன்னது என்று அவள் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டு இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, நான் முற்றத்தில் கிடந்த சுருளில் ஒரு துண்டை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பாறைமேல் நின்ற நான் ஓர் ஓரத்திலாவது விழுந்திருக்க மாட்டேனா என்ற நப்பாசை. சாம்பல் பூத்த மாதிரி ஒரே மங்கலாக இருந்தது.

பெரிய அத்தை என் பின்னால் வந்து நின்றாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து ஒரு துண்டை எடுத்து, என்னைப் போலவே வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நான் எங்கனட்டி இருக்கேன்?" என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளும் அதில் இல்லை!

"நீ எங்கயுமே இல்லத்தே" என்று சொல்லிவிட்டு, கை தட்டிச் சிரித்தேன்.