ஏதென்ஸில் வாக்கில்லாதவர்கள்

எசன் என்ற ஜேர்மன் நகரத்துப் பள்ளியொன்றில் வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடமே தக்சாயினி தலைமையாசிரியரோடு முரண்பட்டாள். அவளுடைய வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. அதற்கான மதிப்பீட்டை எழுதப்போகிறவரும் அவர்தான்.

பள்ளியைப் பெற்றோர் பார்க்கவரும் நாளுக்கு, மக்களாட்சி பிறந்த ஏதென்ஸைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. பளிங்குத் தூண்கள், பேச்சாளர்கள், கைதூக்கி வாக்களிக்கும் சபை எல்லாம் படங்களாக நின்றன. கடைசிப் பலகையில் மட்டும் அவளும் மாணவர்களும் வேறொரு கதையை எழுதினார்கள்.

ஏதென்ஸில் தலைமுறைகளாகக் குடியிருந்த வெளியூராருக்கு வாக்கு இல்லை. ஆனால் தனி வரி கட்டினார்கள், போர்க்கப்பலில் துடுப்பு வலித்தார்கள். முப்பது பேர் ஆட்சியைப் பிடித்துக் கொடுங்கோல் நடத்தியபோது அந்த வெளியூராரிற் சிலரைச் சொத்துக்காகவே கொன்றார்கள். தப்பியவர்களிற் பலர், மக்களாட்சியை மீட்கத் திரும்பிய படையோடு சேர்ந்து துறைமுகத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். மக்களாட்சி மீண்டது. கூட நின்ற எல்லாருக்கும் குடியுரிமை கொடுக்கும் தீர்மானத்தை அந்தப் படையின் தளபதி கொண்டுவந்தார், சபையும் ஏற்றது. இன்னொரு அரசியல்வாதியோ, அது முறைப்படி வரவில்லை என்று வழக்குப் போட்டுச் செல்லாமலாக்கினார்.

பலகையை வாசித்த தலைமையாசிரியர் அவளை அறைக்கு அழைத்தார். பெற்றோர் வருவது கொண்டாட, குறை கேட்க அல்ல என்றார். இன்றைய அரசியலை அவள் பழைய ஏதென்ஸுக்குள் திணிப்பதாகவும் சொன்னார். இன்றைய காலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லையே என்றாள் அவள்.

"வாசிக்கிறவர்களுக்கு விளங்கிவிடும்," என்றார்.

"விளங்கட்டும். அதற்குத்தானே எழுதினோம்."

அன்று மாலை வுப்பர்டாலில் இருக்கும் தாய் பவளத்திடம் தொலைபேசியில் சொன்னாள். பவளம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தே மகளைப் படிப்பித்தாள். ஊரிலிருந்து ஒரு பத்திரம் வராததால் குடியுரிமைக்குப் போட்ட அந்திராக், அதாவது விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டது. இங்கே ஒருநாளும் வாக்களித்ததில்லை.

"வேலை நிரந்தரமாகுமட்டும் வாயை மூடிக்கொண்டு இரு, பிள்ளை."

"அம்மா, நீங்கள் வாயை மூடினபடியால் நான் படிச்சன். நானும் மூடினால் படிச்சு என்ன பிரயோசனம்?"

கண்காட்சி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று மட்டும் பவளம் கேட்டாள்.

கண்காட்சி நாளான சனிக்கிழமை காலை பலகையைக் காணவில்லை. தேடிப்போனால், களஞ்சிய அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. தக்சாயினி அதைத் தனியே தூக்கிவந்து, பழைய இடத்தில் அல்ல, வாசலிலேயே நிறுத்தினாள். சனம் கூடி வாசிக்கத் தொடங்கியபோது தலைமையாசிரியர் வந்து, அதை எடுக்கும்படி தணிந்த குரலில் சொன்னார்.

"நான் எடுக்கமாட்டேன். நீங்கள் எடுப்பதென்றால், இவர்கள் எல்லாரும் பார்க்க எடுங்கள்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பவளம் குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யாரோ கதிரை கொண்டுவந்தார்கள்.

"வேண்டாம். நான் நிக்கிறன்," என்றாள்.

மதிப்பீட்டில், ஒத்துழைக்கத் தெரியாதவள் என்று தலைமையாசிரியர் எழுதினார். தகுதிகாண் காலம் ஒரு வருடம் நீண்டது. வுப்பர்டாலுக்கு மாற்றம் கேட்கலாமே என்று பவளம் சொல்லிப் பார்த்தாள்.

"நான் ஏன் போகவேணும்? நான் பிழை ஒண்டும் செய்யேல்லை."

அடுத்த வருடம் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து அவளுடைய வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார். வேலை நிரந்தரமானது. கண்காட்சிப் பொறுப்பை மட்டும் அவளிடம் திரும்பக் கொடுக்கவில்லை.