மேட்டு உச்சியில் அணைத்த இன்ஜின்

போன வாரம் எங்கள் கார் விசில் அடிக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உய்ய்ய்... என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் அடங்கிவிடும்.

இங்கே ஆக்லாந்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். ஒரு பெண் வந்தாள். லேப்டாப்பை மாட்டினாள். இரண்டே நிமிஷம்! இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போ போகப்போகிறது, புதிதாக மாற்றிவிடலாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் கோவிந்து சும்மா விடுவாரா? அந்த ரப்பர் பைப்பைக் கழற்றிக் கொடு, நானே விரலை விட்டுப் பார்க்கிறேன் என்றார். வாடிக்கையாளர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதாம். இன்சூரன்ஸ் ரூல். மனுஷர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

வந்ததும் வராததுமாக பானெட்டைத் திறந்தார். அறுபத்தேழு வயசில் குனிந்து, பைப்பைக் கழற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டு எதையோ பிடித்து ஆட்டினார் — குழந்தையின் பால் பல் ஆடுகிறதா என்று பார்ப்பது போல. "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றார்.

எங்கள் மகளுக்கு ஒரே சிரிப்பு. யாரப்பா இதெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டாள். "ஜோசேஃபா" என்றார். ஜோசேஃபாவா, அது யார் என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஃபிஜியை விட்டு வந்தபோது அவள் நாலு வயசுக் குழந்தை, ஒன்றும் ஞாபகம் இல்லை. அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த பாஷை தமிழ். அவளுக்கோ தமிழ் படிக்க வராது. ஆகவே, வழக்கம் போல உங்கள் தலையில் கட்டுகிறேன்.

ஃபிஜியில் நாங்கள் இருந்தது பா நகரத்துப் பக்கம். வரதோலி என்ற இடத்தைத் தாண்டி ஒரு செங்குத்தான மேடு. அதன் மறுபக்கச் சரிவின் அடியில் எங்கள் வீடு. சரிவின் பாதியில், ரோட்டை ஒட்டியே, அந்த மண்ணின் பூர்வகுடியான ஃபிஜியர்களின் கிராமம். அங்கே தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தவர்தான் ஜோசேஃபா. என் வீட்டுக்காரரும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அங்கே இந்தியர்கள் எல்லோருக்கும் பொது பாஷை ஹிந்தி; ஜோசேஃபா பேசுகிற ஹிந்தி எங்கள் ஹிந்தியை விடச் சுத்தமாக இருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் பந்தல் போட முதல் ஆளாக வந்து நிற்பார். என்னை "பாபி" என்பார், அதாவது அண்ணி.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. துப்பாக்கியோடு ஃபிஜியர் சிலர் பார்லிமென்டுக்குள் புகுந்து, இந்திய வம்சத்துப் பிரதமரையே பிடித்து வைத்துக்கொண்ட வருஷம். தீவின் அந்தப் பக்கத்தில் இந்தியர் வீடுகளுக்குள் கும்பல் புகுந்ததாக ரேடியோவில் கேட்டோம். எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஊரிலும் தூக்கம் வராது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு டீச்சர் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மனுப் போட்டுவிட்டார்கள்.

நானும் ஒரு ஃபாரம் வாங்கினேன். பூர்த்தி செய்து, பரீட்சைப் பேப்பர் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன். அவர் கையெழுத்துப் போடாமல் எப்படி அனுப்புவது? எப்போது பேச்சை எடுத்தாலும் ஒரே பதில்தான். "எனக்கு இன்னா பயம்? ஜோசேஃபா இருக்கான் இல்ல?"

எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு இல்லை. பயப்படாத புருஷனோடு பயந்துகொண்டு வாழ்வது எவ்வளவு தனிமை என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளை விட இவருக்கு ஊர் பெரிதாகப் போய்விட்டதா என்று மனசுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில்தான் கார் படுத்தது. ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி எங்களிடம் வந்த டீசல் கார். மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. பின்னால் நீலப் புகை. இன்ஜின் ஆயில் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறைந்தது. டவுனில் ஒருவர் இன்ஜினே அவுட், மொத்தமாகப் பிரிக்கணும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஜோசேஃபாவிடம் போனோம். முதலிலேயே அவரிடம் போகலாமே என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ஏனோ இவர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஜோசேஃபாவிடம் லேப்டாப் ஏது? காற்று போகும் பைப்பைக் கழற்றினார். உள்ளே ஆயில் கசிந்து வழிந்தது. டர்போவின் சின்னச் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. இறக்கைகள் சுவரில் உரசி, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தன. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, டர்போதான் செத்துப்போச்சு என்றார்.

லௌடோகாவில் மோதி நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து நல்ல டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். சனிக்கிழமை பழையதைக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜோசேஃபா பழைய டர்போவைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். நடுத் தண்டு சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. ஆயில் வருகிற சின்னப் பைப்புக்குள் கரி அடைத்திருந்தது.

பிறகு எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். மேடு ஏறும்போது இது வெறி பிடித்தாற்போல் சுற்றும், நெருப்பாய்க் கொதிக்கும். அப்போது இதைக் காப்பாற்றுவது ஆயில் ஒன்றுதான். அந்த நேரத்தில் சாவியை அணைத்தால் ஆயில் நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஆயில் கருகிக் கரியாகிவிடும். வண்டியை நிறுத்தினாலும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் தப்பினால் இப்படி ஆகாது, யாரோ தினமும் சூட்டோடு சூடாக அணைத்திருக்கிறார்கள் என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கே முடிந்தது?

இவர்தான், ஆறேழு மாசமாக மேட்டு உச்சிக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு வீடு வரை அப்படியே உருட்டிக்கொண்டு வருகிறார், டீசல் மிச்சம் பிடிக்கிறாராம் என்று போட்டுக் கொடுத்தேன். அவர் அப்படித்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நானும் கஞ்சன் என்று கேலி செய்திருந்தேன்.

ஜோசேஃபா சிரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த ஆளை அவருக்குத் தெரியாதா? மேட்டு உச்சியைத் திரும்பிப் பார்த்தார். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது அவர் கிராமம் ஒன்றுதான்.

"யார் காதுல சத்தம் விழக் கூடாதுன்னு அணைச்சே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பின்னாடி பிள்ளைங்க ரெண்டும் குந்தியிருக்கும். நாங்க எப்போ வீட்டுக்கு வரோம்னு யாருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன்." தன்னையும் அறியாமல் தமிழில் சொல்லிவிட்டார். ஜோசேஃபாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரியாமல் இல்லை.

இந்த மனுஷர் பயந்திருக்கிறார். ஒவ்வொரு நாள் சாயங்காலமும், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் அணைந்து கனத்துப்போன ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, பயந்துகொண்டே எங்களைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். நான் அதற்குக் கஞ்சன் என்று பெயர் வைத்தேன். அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடிக்கவில்லை... எங்கள் தலைமுறைக்கு அது வராது.

ஜோசேஃபா குனிந்து வேலையைத் தொடர்ந்தார். கரி அடைத்த பைப்புக்குப் பதில் புது பைப். புது ஆயில். டர்போவின் துளையில் ஆயிலைக் கையாலேயே ஊற்றினார். முதலில் டீசல் போகாமல் இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டு, உள்ளே ஆயில் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்தார். வண்டி நாளைக்கு வரும், நீங்கள் நடந்து போங்கள் என்றார். பிள்ளைகளோடு சரிவில் நடந்து வந்தோம். நட்பு போச்சு என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் மத்தியானம் காரை அவரே ஓட்டி வந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் குளித்து, வேட்டி போன்ற நல்ல சுலு கட்டி, சட்டை போட்டிருந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. வராந்தாவில் பாயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை இரண்டு கையாலும் என் வீட்டுக்காரர் முன்னால் நகர்த்தி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபிஜியில் பிறந்த எங்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தப்புச் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்கிற முறை அது. எதிரில் இருப்பவர் வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்கும் வரை அவர் தலை நிமிராது.

"நீ என்ன தப்பு பண்ணே? நான்தானே உன்னைச் சந்தேகப்பட்டேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏழு மாசம் என் வீட்டைத் தாண்டிப் போயிருக்கே. உன் கார் சத்தம் கேக்கலையேன்னு நான் ஒருநாள்கூட நினைக்கல. அதுதான் தப்பு."

என் வீட்டுக்காரர் அழுதார். பிள்ளைகள் பார்க்க அழுதார். இரண்டு கையாலும் வேரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை இருவரும் அதை இடித்துக் கரைத்துக் குடித்தபடி, பள்ளிக்கூட வாத்தியார்களின் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு, அந்த ஃபாரத்தைக் கொண்டா என்றார் என் வீட்டுக்காரர். நான் எங்கே ஒளித்தேன் என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம்! பயத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எங்களால் உட்கார்ந்து யோசிக்கவே முடிந்தது. பிள்ளைகள் படிப்பு, என் வேலை, அவர் தங்கை இங்கே இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். போகலாம் என்று முடிவு செய்தோம். ஜோசேஃபாவிடம் முதலில் சொன்னோம். போ, ஆனா வண்டியை என்கிட்ட விட்டுட்டுப் போ என்றார்.

சில மாதங்கள் கழித்து விசா இன்டர்வியூ. பயம் என்று சொல்லுங்கள், முடிந்தால் அழுங்கள், காரியம் சீக்கிரம் ஆகும் என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தது. அதிகாரி ஏன் நாட்டை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் படிப்பு என்றார் என் வீட்டுக்காரர். காலால் இடித்தேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி ஃபாரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினார். பாதுகாப்பைப் பற்றி உங்களுக்குப் பயமே இல்லையா, இதில் நான் எதையாவது எழுத வேண்டுமே என்றார்.

"பயந்தேன் சார். அது தெரிஞ்சதும் ஒருத்தர் என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டார். நானும் ஏத்துக்கிட்டேன். இனிமே அதை இதுல எழுதினா அவருக்கு நான் பண்ற துரோகம்."

அதிகாரி அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பினார்.